உம்மட காணிக்கு ஏன் என்ர கையெழுத்து?

2016 யூன் மாதம், யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசு கந்தோரின் மர வாங்கில் இருந்தேன். மடியில் என் சீதன உறுதி, அதாவது காணிப் பத்திரம். கொக்குவிலில் மூன்று பரப்புக் காணி, கிணற்றில் அரைப்பங்கு, வழி வாய்க்கால் பாவிக்கும் உரித்து என்று வரிசையாக எழுதியிருக்கும், அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. அதை வங்கிக்கு ஈடு வைத்துவிட்டு வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் படிக்கப் போவதாகத் திட்டம். அந்தக் கந்தோரில் நாற்பது வருடமாக வேலை செய்யும் கிளாக்கர் ஐயா உறுதியைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "பிள்ளை, அவரின்ர கையெழுத்து?"

நான் அப்போது எட்டு வருடம் தொழில் செய்த சட்டத்தரணி. இதே கேள்வியை எத்தனையோ பெண்களிடம் நானே கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட கல்யாணமான பெண் தன் பெயரில் இருக்கும் அசையாச் சொத்தை விற்பதென்றாலும் ஈடு வைப்பதென்றாலும் கணவன் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம், 6ஆம் பிரிவு. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் வாங்கில் இருந்துகொண்டு அதைக் கேட்க வேண்டி வந்தபோது காது கொஞ்சம் சுட்டது.

இரவு கணவரிடம் சொன்னேன். அவர் கணித ஆசிரியர், மேசையில் சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"இஞ்சரும், நீர் எங்க வைக்கச் சொன்னாலும் வைக்கிறன். ஆனா உம்மட காணிக்கு ஏன் என்ர கையெழுத்து?"

"சட்டம் அப்பிடி."

"சட்டம் அப்பிடி எண்டது விளங்குது. ஏன் அப்பிடி?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த "ஏன்" ஏழு வருடம் இழுத்தது. 2023இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் அதற்குத்தான் பட்டம் தந்தார்கள். "அக்கா, சட்டத்தில் பிஎச்டி செய்ய விருப்பம், எங்கே தொடங்குவது" என்று இங்கிருந்து தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வொய்ஸ் அனுப்பித் தொண்டை போய்விட்டது. அதனால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

முதலில் தோற்ற கதை. 2015 ஒக்ரோபரில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய 30/1 தீர்மானம் வந்த பிறகு இங்கே யாரைச் சந்தித்தாலும் நிலைமாறுகால நீதி, அதாவது போருக்குப் பிந்திய பொறுப்புக்கூறல், பற்றித்தான் கதை. செயலமர்வுக்கு மேல் செயலமர்வு. நானும் அதையே தலைப்பாக்கி ஏழு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். ஐந்து மறுத்தன, ஒன்று பதிலே போடவில்லை, இங்கிலாந்தில் ஒன்று இடம் தந்தது, ஆனால் ஒரு சதம் உதவி இல்லை. அந்த ஆய்வு முன்மொழிவை இப்போது எடுத்து வாசித்தால் வெட்கமாக இருக்கிறது. இலங்கை என்று வருகிற இடத்தில் எல்லாம் நேபாளம் என்று போட்டாலும் ஒரு வசனமும் உடையாது. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் பேசிய ஒருத்தி எழுதியது என்பதற்கு அதில் ஒரு தடயமும் கிடையாது. எங்கேயிருந்தும் யாரும் எழுதக்கூடிய ஒன்றை எழுத அவர்கள் ஏன் காசு கொடுத்து என்னைக் கூப்பிட வேண்டும்?

அந்த இங்கிலாந்து இடத்துக்காகத்தான் ஈடு வைக்கப் போனது. கணவர் சோதனைத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்: மூன்று வருடக் கட்டணம், வாடகை, சாப்பாடு, விசாவுக்காக வங்கிக் கணக்கில் 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டிய தொகை. கூட்டிப் பார்த்தால் காணியின் விலையைத் தாண்டிப் போனது. அப்படியிருந்தும் கையெழுத்து வைக்கிறேன் என்றுதான் சொன்னார். நான்தான் உறுதியைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அம்மா அந்தக் கிழமை கோயிலில் ஒரு அர்ச்சனை செய்தா. எதற்கென்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். ஆகவே, பணம் இல்லாத ஓஃபர் கடிதம் வந்தால் சொந்தக்காரருக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கட்டணம் கட்டும் மாணவருக்கு இடம் கொடுப்பதில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு நட்டம் இல்லை. உங்கள் ஆய்வில் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது அவர்கள் காசு போடும்போதுதான் தெரியவரும்.

இரண்டு மாதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இருந்தேன். பிறகு கணவரின் கேள்வியைத் தோண்டத் தொடங்கினேன், படிப்புக்காக என்று கூட இல்லை, ஒரு ரோசம். தேசவழமை எங்கள் ஊர் வழக்கம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவோம். அதை எழுத்தில் இறக்கியது ஒல்லாந்தர். ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சிமொன்ஸ் கேட்டதற்காக, யாழ்ப்பாணத்துத் திசாவையாக (ஒல்லாந்த நிர்வாக அதிகாரி) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, தமிழில் மொழிபெயர்ப்பித்து, ஊர்த் தலைவர்களான 12 முதலிமாரிடம் காட்டி ஒப்புதல் வாங்கி, 1707இல் அது நடைமுறைக்கு வந்தது. 1806இல் ஆங்கிலேயர் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்கு முழுவலுக் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் கந்தோர்களில் "அவரின்ர கையெழுத்து" கேட்க வைக்கிற வரி 1911இல் வந்த சட்டத்தில் இருக்கிறது. அப்படியென்றால் அது எங்கள் வழக்கமா? ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன்-டச்சுச் சட்டத்தில் மனைவியின் சொத்தின் மேல் கணவனுக்கு இருந்த அதிகாரம் பின்வாசலால் வந்ததா? அல்லது ஆங்கிலேயர் போட்ட முடிச்சா?

இது முதல் பாதி. கனமான பாதி மற்றது. கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண் யாரிடம் போய்ச் சம்மதம் வாங்குவாள்? அதே சட்டத்தின் 8ஆம் பிரிவில் வழி இருக்கிறது: கணவன் இருக்கும் இடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். 2016இலிருந்து, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் ஆள் காணக்கிடைக்கவில்லை என்று ஒரு சான்றிதழ் எடுக்கலாம். கடதாசியில் எல்லாம் சரி. நீதிமன்றப் படியேறி "அவர் எங்கே என்று தெரியாது" என்று சத்தியம் செய்வது ஒரு பெண்ணுக்கு என்ன என்பது எந்தப் பிரிவிலும் இல்லை. இதெல்லாம் சமத்துவத்துக்கு மாறானது என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையைக் காட்டி வழக்குப் போடலாமே என்றால், ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று 16ஆம் உறுப்புரை குறுக்கே நிற்கிறது.

இதை நான்கு பக்கத்தில் எழுதினேன். முந்தியது பதினெட்டுப் பக்கம். நாற்பது பெரிய பெயர்களை மேற்கோள் காட்டிய அந்தப் பதினெட்டை ஒருவரும் சீண்டவில்லை, இந்த நான்குக்கு ஒரு கிழமைக்குள் மூன்று பேராசிரியர்கள் பதில் போட்டார்கள். உங்கள் கந்தோரில் தினமும் நடக்கிற, "இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று நீங்கள் தட்டிவிடுகிற ஒன்றைத் தேடுங்கள். ஒற்றி, முன்வாங்கல் உரிமை, கோயில் தர்மகர்த்தா வழக்குகள், வெளிநாட்டிலிருந்து வரும் அற்றோணித் தத்துவங்கள் (தமக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களின் காணிக்கு எதிராக ஓடிய பத்து வருடக் காலவரையறை (பத்து வருடம் பிடித்திருந்தவர் காணிக்கு உரிமை கேட்கலாம் என்பது), அதைத் தடுக்க 2016இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு கலாநிதிப் பட்டம் கிடக்கிறது, எங்கள் ஆட்கள் அதன் மேலால் நடந்துபோய் ஜெனீவாவைப் பற்றி எழுதுகிறார்கள்.

லைடன் ஏன் என்றால், காரணம் கடதாசிகள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆவணங்களில் ஒரு பெரிய பகுதி ஹேக் நகரத் தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கிறது. லைடனிலிருந்து ரயிலில் கால்மணி நேரம், ஸ்ரேசனுக்குப் பக்கத்திலேயே கட்டடம். இன்னொரு காரணம், சொன்னால் சிரிப்பீர்கள். சட்டம் படிக்கும்போது நாங்கள் பயபக்தியோடு "வோயெட்" என்று சொல்லி மேற்கோள் காட்டுவோமே, ரோமன்-டச்சுச் சட்டத்தின் பழைய அறிஞர், அந்த மனுசன் அங்கேதான் படிப்பித்தவர், தேசவழமை எழுதப்பட்ட அதே காலத்தில். அங்கே போன பிறகுதான் அவர் பெயரை "ஃபூட்" என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. இன்னொரு ஒல்லாந்தச் சட்ட மேதை குரோசியஸ் பதினொரு வயதில் படிக்க வந்ததும் அங்கேதான். ஆனால் நெதர்லாந்துக்காரர் 1838இல் தங்கள் சிவில் கோவையைக் கொண்டுவந்து எப்போதோ முன்னே போய்விட்டார்கள், இலங்கை, தென்னாபிரிக்கா மாதிரிச் சில நாட்டுக்காரர்தான் இன்னும் அந்த மனுசரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். என் அறைத்தோழிக்கு, அவளும் சட்டம் படித்தவள்தான், வோயெட் என்பது ஒரு தெருப் பெயர் அளவுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது காரணம் சம்பளம். நெதர்லாந்தில் கலாநிதி ஆய்வாளர் பலர் பல்கலைக்கழக ஊழியர்கள். பெரும்பாலும் நான்கு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம், கட்டணம் கிடையாது, முதல் வருட முடிவில் தொடரலாமா என்று ஒரு மதிப்பீடு. இடங்கள் வேலை விளம்பரம் போலத்தான் வெளிவரும், எனவே "அட்மிசன்" பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் படாது. சம்பளம் இல்லாமல் வெளியிலிருந்து செய்கிறவர்களும் அங்கே உண்டு, எது உங்களுக்குத் தருகிறார்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். இங்கிலாந்து என்றால் பொதுவாக மூன்று நான்கு வருடம், முதலில் எம்.பில். ஆகப் பதிந்து பிறகு உயர்த்துவார்கள், கடைசியில் பூட்டிய அறைக்குள் இரண்டு பரீட்சகர்களோடு வைவா, அதாவது வாய்மொழிப் பரீட்சை. பொதுநலவாயப் புலமைப்பரிசில் கிடைத்தால் போகலாம், முடிந்ததும் திரும்பி வர வேண்டும். அமெரிக்காவில் வழக்கமாக எல்.எல்.எம். (சட்ட முதுமாணி) முடித்த பிறகுதான் சட்டக் கலாநிதிக்கு எடுப்பார்கள். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். நான் இரண்டு தரம் காசு கட்டியவள்.

நேர்முகம் ஸ்கைப்பில். அன்று பார்த்து எங்கள் ஒழுங்கைக் கோயிலில் கொடியேற்றம். நாதஸ்வரம் லவுட்ஸ்பீக்கரில் அறைக்குள் கொட்டுகிறது. "அது என்ன சத்தம்" என்று கேட்டார்கள். சொன்னேன், கோயில் யாருடையது, அதன் காணி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றும் சொன்னேன், பிறகு பதினைந்து நிமிடம் அதைப் பற்றித்தான் கதைத்தோம். தயார் செய்து வைத்திருந்த ஒரு பதிலும் தேவைப்படவில்லை.

2018 செப்ரெம்பரில் தனியாகப் போனேன். மகனுக்கு அப்போது ஆறு வயது, அவனும் தகப்பனும் அடுத்த வருடம் வந்தார்கள். அந்த ஒரு வருடத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை. வீடு கிடைப்பது அங்கே பெரும்பாடு, விமான ரிக்கற் எடுக்க முதல் அறை தேடத் தொடங்குங்கள், அவ்வளவுதான். முருங்கைக்காயும் பாகற்காயும் ஹேக்கில் சூரினாம் ஆட்களின் கடைகளில் கிடைக்கும்.

முதல் வருடத்தில் நான் விட்ட பெரிய பிழை, சரித்திரத்தில் விழுந்தது. சுவடிக்கூட வாசிப்பறையில் பென்சில் மட்டும்தான் கொண்டுபோகலாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஒல்லாந்தக் கையெழுத்தை வாசிக்கப் பழக ஆறு மாதம் போனது. எஃப் எது, எஸ் எது என்று பிரிக்கவே ஒரு மாதம். அதற்குள் தோம்பு (ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு), யாழ்ப்பாணப்பட்டினம் என்று தெரிந்த சொல் ஒன்று தலைகாட்டினால் சொந்தக்காரரைச் சந்தையில் கண்டதுபோல இருக்கும். அந்த மயக்கத்தில் 40,000 சொல்லுக்கு ஒரு அத்தியாயம் எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் அதைத் திருப்பித் தந்தபோது சில பக்கங்களுக்கு ஒருதரம் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார். எங்கள் பாஷையில் சொன்னால், "அதுக்கு?" மொத்தம் பன்னிரண்டு "அதுக்கு?" கடைசியில் 11,000 சொல்தான் மிஞ்சியது. இப்போது போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அந்த ஆவணங்களில் மிகப் பெரும் பங்கு ஸ்கான் செய்யப்பட்டு இணையத்தில் இருக்கிறது, கையெழுத்தைக் கணினியே வாசித்துத் தரும் வேலையும் நடக்கிறது. கொக்குவிலில் இருந்தே தொடங்கலாம்.

மேற்பார்வையாளரோடு இன்னொரு சிக்கல், அது முழுக்க என்னுடையது. அங்கே எல்லாரும் எல்லாரையும் முதற்பெயரால்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை. ஒரு வருடம் அவருக்கு எழுதிய மின்னஞ்சல் எல்லாம் விளிப்பே இல்லாமல் நேரே விஷயத்தில் தொடங்கும். அதைவிட மோசம், அவர் எதைச் சொன்னாலும் "ஓம்" என்று தலையாட்டிவிட்டு அறைக்கு வந்து அழுவது. "சேர் சொன்னால் சரி" என்று பள்ளிக்கூடத்தில் பழகிய உடம்பு. நான் கண்டுபிடித்த மருந்து எழுத்து: சந்திப்புக்கு முதல்நாள் மூன்று வரியில் என்ன கதைக்கப்போகிறோம் என்று அனுப்புவது, சந்தித்த அன்று மாலை "இன்ன இன்ன தீர்மானித்தோம், இந்த ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை, காரணம் இது" என்று அனுப்புவது. நேரில் வராத தைரியம் எழுத்தில் வந்தது. அவருக்கும் அது பிடித்துப்போனது.

சொற்கள் இன்னொரு பாடு. சீதனம் என்பதற்கு ஆங்கிலத்தில் வழக்கமாகப் போடுகிற "டவ்றி" என்ற சொல்லைப் போட்டேன். என் வகுப்புக் கருத்தரங்கில் இருந்த எல்லாருக்கும் அது மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற காசாகத்தான் பட்டது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற நன்கொடைக் காசு எங்கள் ஊரிலும் உண்டு, ஆனால் சட்டத்தில் சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து. இதை விளங்கப்படுத்தவே அரைமணி நேரம் போனது, என் வாதத்துக்கு நேரம் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து முதுசம் (பரம்பரையாக வந்த சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) மூன்றையும் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டு, முதல் அத்தியாயத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் எழுதினேன். வாசிக்கிறவன் மினக்கெட்டுப் படிக்கட்டும்.

2020 சனவரியில் கள ஆய்வுக்கு ஊருக்கு வந்தேன். பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழு ஒரு சம்மதப் படிவம் தந்திருந்தது, இரண்டு பக்கம், தமிழில் அழகாக மாற்றி அச்சடித்துக் கொண்டுவந்தேன். முதலாவது வீட்டிலேயே முடிந்தது. கணவன் காணாமல் ஆக்கப்பட்ட அந்த அம்மா தேத்தண்ணி தந்தா, நான் படிவத்தை நீட்டினேன், அவ அதைத் தொடவில்லை. "எத்தின கொமிசனுக்குக் கையெழுத்து வச்சாச்சு பிள்ளை. நீ கேள், நான் சொல்லுறன். கடுதாசிய உள்ள வை." பெண்ணின் கையெழுத்துக்கு ஏன் ஆணின் கையெழுத்து என்று ஆராய வந்தவள், கையெழுத்துக் கேட்டு ஒரு பெண்ணைக் களைக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றிரவே குழுவுக்கு எழுதினேன், வாய்மொழிச் சம்மதத்துக்கு அனுமதி கிடைக்க மூன்று கிழமை. இதை முதலிலேயே கேட்டு வாங்கியிருக்கலாம். வடக்கில் கள ஆய்வு செய்யப் போகிறவர்கள் விண்ணப்பத்திலேயே போட்டுவிடுங்கள்.

அதே அம்மாதான், மூன்றாம் தரம் போனபோது, ஏன் நீதிமன்ற அனுமதிக்குப் போகவில்லை என்று சொன்னா. "இருக்கிற இடம் தெரியாது எண்டு நான் எழுதிக் குடுத்திட்டன் எண்டு வை. அவர் வந்து, நீயோ அப்பிடி எழுதிக் குடுத்தனி எண்டு கேட்டா?" ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான். நான் அதைச் சட்ட மொழியில் நீட்டி எழுதினேன்.

மார்ச்சில் ஊரடங்கு, விமான நிலையம் மூடியது, ஐந்து மாதம் இங்கேயே. கணவரும் மகனும் அங்கே, நான் இங்கே. குறிப்புகளின் ஒரே பிரதி மடிகணினியில், அதுவும் கறையான் தின்ற மேசையில், மழை ஒழுகும் அறையில் இருக்கிறது என்று ஒருநாள் திடீரென உறைத்தபோது நெஞ்சு பதறியது. மூன்று இடத்தில் வையுங்கள். பேட்டி ஒலிப்பதிவுகளை மட்டும் பல்கலைக்கழகம் சொன்ன இடத்தில் மாத்திரம் வையுங்கள், கைபேசியில் வைத்துக்கொண்டு திரியக்கூடாது.

எழுத்து வேலை 2021, 2022 முழுக்க. விடிய நாலரைக்கு எழும்பி மகன் எழும்பும் வரை. முதலில் தமிழில் ஒருவருக்குச் சொல்லுவதுபோல வாயால் சொல்லிப் பதிவு செய்து, அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினேன். நேரே ஆங்கிலத்தில் எழுதியபோது வசனம் பெரிசாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அடிக்குறிப்பைப் பிறகு போடலாம் என்று விட்டால் தொலைந்தீர்கள். சொட்டேரோ போன்ற ஒரு மென்பொருளில் முதல் நாளே பதியத் தொடங்குங்கள், ஆனால் எங்கள் பழைய சட்ட அறிக்கைகளை அது ஒழுங்காக எழுதாது, கையால்தான் திருத்த வேண்டும்.

வாய்மொழிப் பரீட்சை அங்கே ஒரு கல்யாணம்போல. ஆய்வேடு புத்தகமாக அச்சாகி, அழைப்பிதழ் போய், இரண்டு தோழர்கள் மாப்பிள்ளைத் தோழன் மாதிரிப் பக்கத்தில் நிற்க, குடும்பம் முன்வரிசையில். சரியாக 45 நிமிடம். நேரம் முடிந்ததும் ஒருவர் செங்கோல் மாதிரி ஒரு தடியோடு உள்ளே வந்து "ஹோரா எஸ்ட்" என்று லத்தீனில் சொல்லுவார், நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம், பதிலை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அதற்கு முன் காத்திருக்கும் சின்ன அறைக்கு வியர்வை அறை என்றே பெயர், சுவர் முழுக்கப் பட்டம் பெற்றவர்களின் கையெழுத்து. அங்கே கையெழுத்து வைக்க யாருடைய சம்மதமும் கேட்கவில்லை. கணவர்தான் அதைச் சொல்லிச் சிரித்தார்.

அங்கே ஆய்வேட்டுக்கு ஒல்லாந்த மொழியில் ஒரு சுருக்கம் வைப்பது வழக்கம், நான் தமிழிலும் ஆறு பக்கம் சேர்த்தேன். ஊருக்கு வந்ததும் ஒரு பிரதியைக் கிளாக்கர் ஐயாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துக் கூப்பிட்டார். ஆறு பக்கத்தையும் வாசித்திருந்தார், சிவப்புப் பேனாவால். நான் நாலு இடத்தில் விற்பனை உறுதி என்று எழுதியிருந்தேன். நாலையும் வெட்டி மேலே எழுதி வைத்திருந்தார்.

"பிள்ளை, விற்பனை உறுதி எண்டு இஞ்ச ஆரும் சொல்லுறேல்ல. அறுதி உறுதி. அடுத்த பதிப்பில மாத்திவிடு."